யோசுவா நூலின் எல்லைப் பட்டியல்கள்: மனாசேயின் பத்துப் பங்குகளை முன்னிட்டு

யோசுவா நூலின் 13 முதல் 19 வரையுள்ள அதிகாரங்களைப் பிரசங்க பீடத்திலிருந்து கேட்டவர் மிகச் சிலரே. எரிகோவின் மதில் விழுந்ததையும் கிபியோனின்மேல் சூரியன் தரித்து நின்றதையும் ஞாயிறு பள்ளிச் சிறுவரும் அறிவர். இறுதி அதிகாரத்தின் செகேம் உடன்படிக்கையோ புத்தாண்டு ஆராதனைக்கென்றே எழுதப்பட்டதுபோல நம் ஆயர்களுக்குப் பழகிப்போயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் மலைகளும் ஓடைகளும் ஊர்களுமாக நீளும் பட்டியல்கள் வாசிப்பவரின் நாவைச் சோதிக்கும் தன்மையன. சிற்றாலயத்தில் 15ஆம் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்த மாணவர் ஒருவர், முப்பதாம் வசனத்தை எட்டுமுன்னே, “இவ்வாறே மற்ற ஊர்களும்” என்று கூறி முடித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவர் விட்டுவிட்ட பகுதியிலேதான் இஸ்ரவேலின் நில உரிமை பற்றிய வரலாற்றுச் செய்திகள் மிகுதியும் பொதிந்துள்ளன.

நம்மில் பலர் கோத்திர எல்லைகளை அறிந்துகொண்டது இப்பட்டியல்களின் வாயிலாக அன்று. திருமறையின் பின்னட்டையை ஒட்டி அச்சிடப்பட்டுள்ள வண்ணப் படத்தின் வாயிலாகவே. யூதாவுக்கு ஒரு நிறம், எப்பிராயீமுக்கு ஒரு நிறம் என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கட்டங்கள், ஒரே நாளில் அளந்து கல் நாட்டப்பட்டவைபோல அதில் தோன்றும். நூலின் பாடமோ அத்தகைய படத்திற்கு இடந்தருவதில்லை. சோராவும் எஸ்தாவோலும் 15:33இல் யூதாவின் ஊர்கள். 19:41இல் அவையே தாணின் ஊர்கள். பெயெர்செபாவும் சிக்லாகும் யூதாவுக்கும் உரியன, சிமியோனுக்கும் உரியன. தீபோன் எண்ணாகமம் 32இன்படி காத் கோத்திரத்தார் கட்டியது; யோசுவா 13இன்படி அது ரூபனின் பங்கு. படம் வரைந்தவர்கள் இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை விட்டிருக்கின்றனர். நாமும் அதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம்.

இப்பட்டியல்கள் ஒரே காலத்தவை அல்ல என்பதை முறையாக எடுத்துக்காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் ஆவார். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கோடு இழுத்தாற்போல் செல்லும் எல்லை விவரிப்புகள் ஒரு வகை. ஊர்களைத் தொகுதி தொகுதியாக எண்ணிக் கூட்டுத்தொகை தரும் ஊர்ப் பட்டியல்கள் மற்றொரு வகை. 1925இல் வெளியான ஆய்வில் அவர் யூதாவின் ஊர்ப் பட்டியலை யோசியா அரசனின் நிர்வாகப் பதிவேடாகக் கண்டார். 1927இல் எல்லை விவரிப்புகளை அரசாட்சிக்கு முற்பட்டவையாகக் கருதினார். 1956இல் கிராஸ், ரைட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் யூதாவின் பட்டியலை ஒன்பதாம் நூற்றாண்டுக்கு, அதாவது யோசபாத்தின் காலத்திற்குக் கொண்டுசென்றனர். காலம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பட்டியல் அரசாங்கத்தின் பயன்பாட்டில் இருந்த ஏடு என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர். ஏட்டைப் படியெடுத்தவரும் நம் மாணவரைப் போல அயர்ந்திருக்கக்கூடும்: எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் 15:59க்குப் பின்னர் பெத்லகேம், தெக்கோவா உள்ளிட்ட பதினோர் ஊர்கள் கொண்ட ஒரு தொகுதி முழுமையாக இருக்கிறது, எபிரெயப் பாடத்தில் அது விடுபட்டுப்போயிற்று. தாவீதின் ஊரே யூதாவின் பட்டியலில் இல்லாமற்போனதற்குக் காரணம் இதுவே.

கோத்திரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தவை அல்ல. தாண் கோத்திரத்தாரை எமோரியர் மலைக்கு நெருக்கினபடியால் அவர்கள் வடக்கே சென்று லாயீஸைப் பிடித்துக் குடியேறினர் என நியாயாதிபதிகள் நூல் கூறுகிறது. சிமியோன் யூதாவின் பங்குக்குள்ளேயே பங்கு பெற்று நாளடைவில் அதில் கரைந்தது. ரூபன் குறுகிப்போன கோத்திரம் என்பதை உபாகமம் 33இன் ஆசீர்வாதமே உணர்த்தும். 1868இல் தீபோனில் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு (கி.மு. 9ஆம் நூற்றாண்டு) காத் மக்கள் அதரோத் நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்தனர் எனக் குறிப்பிடுகிறது, ரூபனைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. தெபொராளின் பாடலை எண்ணிப் பார்ப்போர்க்கு அங்கே பத்துப் பெயர்களே கிடைக்கும். யூதா, சிமியோன், லேவி இல்லை. மனாசேயின் இடத்தில் மாகீரும் காத்தின் இடத்தில் கீலேயாத்தும் நிற்கின்றன. 1930இல் மார்ட்டின் நோத் பன்னிரு கோத்திரங்களைக் கிரேக்க நாட்டுத் திருத்தலக் கூட்டமைப்புகளோடு ஒப்பிட்டு ஒரு கொள்கையை வகுத்தார். நாங்கள் மாணவராயிருந்தபோது அது ஏறத்தாழ விசுவாசப் பிரமாணம்போலக் கற்பிக்கப்பட்டது. 1970களில் அதன் அடித்தளம் ஆட்டங்கண்டது. இன்று அதனை அப்படியே ஏற்பவர் அரியர்.

நிலத்தின் சாட்சியும் இங்கே கவனிக்கத்தக்கது. 1967க்குப் பின்னர் மத்திய மலைநாட்டில் நடந்த மேற்பரப்பு ஆய்வுகளும், சிறப்பாக 1978 முதல் ஆதாம் செர்தால் மனாசே மலைநாட்டிலும், 1980களில் பிங்கல்ஸ்டைன் எப்பிராயீம் மலைநாட்டிலும் செய்த ஆய்வுகளும், கி.மு. 1200ஐ அடுத்து இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் புதிதாகத் தோன்றியதைக் காட்டின. பெரும்பாலும் மதிலில்லாத ஊர்கள். மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த கழனிகள். பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகள். இடம் போதவில்லை என்று முறையிட்ட யோசேப்பின் புத்திரரை நோக்கி, மலைக்காட்டை வெட்டித் திருத்திக்கொள்ளுமாறு யோசுவா சொல்லியதாக 17ஆம் அதிகாரம் கூறுவது இச்சூழலுக்கு இயைகின்றது. இருப்பு ரதங்கள் ஓடும் சமவெளியும், மெகிதோ, தானாக், பெத்செயான் போன்ற பழம்பட்டணங்களும் கானானியர் கையிலேயே நின்றன என்பதை நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரம் ஒளிக்கவில்லை. வண்ணப் படத்தில் மட்டுமே அவை இஸ்ரவேலின் நிறம் பூண்டுள்ளன.

அங்ஙனமாயின் இப்பட்டியல்கள் எதற்காகப் பேணப்பட்டன? போர்வெற்றியின் நினைவுக்காக மட்டும் என்றால், தோல்விகளையும் இரட்டை உரிமைகளையும் இத்துணை விரிவாக எழுதி வைக்கவேண்டியதில்லை. நிலத்தில் யாருக்குப் பங்கு உண்டு என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கின் பதிவேடாகவே இவ்வதிகாரங்களை வாசிக்கவேண்டும் என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக மனாசேயின் பங்கைச் சற்று நின்று பார்ப்போம்.

யோசுவா 17:1-6இல் ஒரு கணக்கு இருக்கிறது. யோர்தானுக்கு மேற்கே மனாசேயின் கிளைகள் ஆறு: அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், எப்பேர், செமீதா. பங்குகளோ பத்து. ஆறு பத்தானது எவ்வாறு? எப்பேரின் மகன் செலொப்பியாத்துக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என ஐந்து புதல்வியர் இருந்தனர். எண்ணாகமம் 27இன்படி இவ்வைவரும் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும், ஆசாரியனாகிய எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, மகன் இல்லாத காரணத்தால் தங்கள் தகப்பனின் பெயர் அற்றுப்போவது ஏன் என்று வழக்குரைத்தனர். அவர்கள் கேட்டது நியாயம் என்பதே தேவனுடைய தீர்ப்பு. எனவே எப்பேரின் ஒரு பங்கு ஐந்தாயிற்று; ஏனைய ஐந்து கிளைகளோடு கூட்டப் பத்தாயிற்று.

இதனை அழகிய கதை என்று சொல்லி நெடுங்காலம் கடந்து சென்றனர். 1910ஆம் ஆண்டில் ரைஸ்னரின் தலைமையில் சமாரியாவை அகழ்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர், அரண்மனைக்கு மேற்கேயிருந்த ஒரு கட்டடத்தில், மையினால் எழுதப்பட்ட மட்கல ஓடுகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவை வாசிக்கத்தக்கவை. எல்லாம் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த சரக்குக் குறிப்புகள். அரசனின் ஒன்பதாம், பத்தாம், பதினைந்தாம் ஆண்டுகளில் இன்ன ஊரிலிருந்து இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம், அல்லது கழுவிய எண்ணெய் என வழங்கிய உயர்ந்த ஒலிவ எண்ணெய் ஒரு ஜாடி என்பதே அவற்றின் செய்தி. பக்திக்குரிய ஒரு சொல்லும் அவற்றில் இல்லை. ஆனால் சரக்கு வந்த வட்டாரங்களின் பெயர்களை நோக்குங்கள்: அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா, இவற்றோடு நோவாள், ஒக்லாள்.

ஆறு சகோதரருள் ஐவர் பெயர்கள் ஓடுகளில் உள. இல்லாத பெயர் ஒன்றே, அது எப்பேர். அவன் இடத்தில் நிற்பவர்கள் அவனுடைய பேத்தியர் இருவர். யோசுவா 17இன் கணக்கை அறியாத ஒரு கிடங்குக் கணக்கன், தன் அன்றாட வேலையின் நடுவே, அக்கணக்கைச் சரிபார்த்து ஒப்பமிட்டதுபோல இது அமைந்துவிட்டது. மூன்றாமவளாகிய திர்சாளின் பெயரையோ நாம் வேறிடத்தில் காண்கிறோம். பாஷா முதலிய அரசர் இருந்து ஆண்ட திர்சா பட்டணம் அதே பெயருடையது. அப்பட்டணம் செகேமுக்கு வடகிழக்கே உள்ள தெல் எல் பாரா என்பது பொதுவான கருத்து. அதனை 1946 முதல் 1960 வரை தே வோ என்னும் பிரெஞ்சுத் துறவி அகழ்ந்தார். மக்லாள், மில்காள் என்னும் இருவர்க்கும் இத்தகைய சான்று ஏதும் இதுவரை கிடைக்கவில்லை.

இங்கு மாணவர் ஒருவர் தடை எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். பெண்களின் பெயரால் வட்டாரங்கள் பெயர் பெற்றனவா, அன்றி முன்னரே இருந்த இடப்பெயர்களுக்குப் பின்னர் ஒரு வம்ச வரலாறு வகுக்கப்பட்டதா? இரண்டாவதற்குச் சார்பான செய்தி யோசுவா நூலிலேயே உண்டு. 12ஆம் அதிகாரத்தில் முறியடிக்கப்பட்ட கானானிய அரசர்களின் பட்டியலில் எப்பேரின் ராஜாவும் திர்சாவின் ராஜாவும் வருகின்றனர். செகேமோ ஆதியாகமம் 34இல் ஏவியனான ஏமோரின் ஊர். யோசுவா அதைப் போரிட்டுப் பிடித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. ஆயினும் 17ஆம் அதிகாரத்தில் செகேம் மனாசேயின் புத்திரருள் ஒருவனாக எண்ணப்படுகிறான். ஆகவே பழைய கானானிய ஊர்கள் சில மனாசேக்குள் சேர்ந்து, மகன் என்றும் பேத்தி என்றும் உறவுமுறை பெற்றன என்று கொள்வதற்கு இடமுண்டு. 1 நாளாகமம் 7:14 மாகீரைப் பெற்றவள் அராமிய மறுமனையாட்டி என்று வெளிப்படையாகச் சொல்லுகிறது. யூதாவில் எபிரோனைப் பெற்ற காலேப் கேனாசியன். அவனுடைய முன்னோர் மரபு ஏதோமைச் சார்ந்தது என்பர்.

நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன். அதனால் வழக்கின் வலிமை குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. உறவுமுறை எவ்வாறு வந்திருப்பினும், மகன்கள் பெயரால் அமைந்த பங்குகளுக்கு நிகராகப் பெண்கள் பெயரால் அமைந்த பங்குகளை ஒரு சமுதாயம் நூற்றாண்டுகளாக ஏற்றது; அதற்கான நியாயத்தை மோசேயின் முன்னிலையில் நடந்த வழக்காக நினைவுகூர்ந்தது. கோத்திரம் என்பது இரத்த உறவினால் மட்டும் ஆனதன்று. ஒரு நிலத்தைச் சேர்ந்து உழுதவர்கள் உறவினராயினர்.

எனினும் அத்தீர்ப்பை வேண்டியதற்கு மேல் புகழ்ந்துவிடக்கூடாது. எண்ணாகமம் 36இல் கீலேயாத்தின் குடும்பத் தலைவர்கள் மீண்டும் வருகின்றனர். இப்பெண்கள் வேறு கோத்திரத்தில் மணம் செய்துகொண்டால் நிலம் கைமாறிவிடுமே என்பது அவர்களின் முறையீடு. அதுவும் நியாயம் எனத் தீர்ப்பாகிறது. ஐவரும் தங்கள் சிறிய தகப்பன்மாரின் மக்களையே மணந்துகொள்ள நேர்ந்தது. உரிமையும் தந்து அதற்கு வேலியும் இட்ட தீர்ப்பு இது. முதல் வழக்கை மகளிர் ஞாயிறன்று பிரசங்கிக்கும் ஆயர்கள் இரண்டாவதைத் தொடாமல் விடுவது வழக்கம். இரண்டையும் வாசித்தால்தான் ஒரு விவசாயக் குடும்பத்திற்குள் நில உரிமை எத்தகைய இழுபறிக்கு உள்ளாகிறது என்பது விளங்கும். காலேபின் மகள் அக்சாளின் செய்தியும் இத்தன்மையதே. தகப்பன் கொடுத்த வறண்ட தென்னிலத்தோடு அவள் மனநிறைவு கொள்ளவில்லை. கழுதையின்மேலிருந்து இறங்கி, நீரூற்றுகளையும் கேட்டு, மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் பெற்றுக்கொண்டாள். நீரில்லாத நிலம் பெயரளவிலேயே சுதந்தரம் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

மட்கல ஓடுகளுக்கு மீண்டும் வருவோம். அவை நமக்கு மகிழ்ச்சி தரும் சான்று. ஆனால் அவற்றை எழுதியவர்களின் நோக்கம் வேறு. நோவாளின் வட்டாரத்திலும் ஒக்லாளின் வட்டாரத்திலும் பிழிந்த இரசமும் எண்ணெயும் மலையேறித் தலைநகருக்குச் சென்றன. அது வரியா, அன்றி அரசவையில் தங்கிய நிலக்கிழார்களுக்கு அவர்தம் நிலத்திலிருந்து வந்த விளைபொருளா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. எதுவாயினும் குடித்தவர்கள் சமாரியாவில் இருந்தனர். அதே நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் நாட்களில், தெக்கோவாவிலிருந்து வந்த ஆமோஸ் சமாரியாவின் செல்வரைச் சாடியபோது எடுத்துச் சொன்ன பொருள்கள் இரண்டு: பெரிய பாத்திரங்களில் குடிக்கும் திராட்சரசம், பூசிக்கொள்ளும் உயர்ந்த எண்ணெய். கிடங்குக் கணக்கும் தீர்க்கதரிசனமும் ஒரே சரக்கைப் பற்றியே பேசுகின்றன.

சமாரியா நகரமே சுதந்தரத்தால் வந்ததன்று. திர்சாவில் ஆறு ஆண்டு ஆண்ட உம்ரி, சேமேர் என்பவனிடமிருந்து அம்மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு விலைக்கு வாங்கினான். அதற்கு முன்பே சாலொமோன் நாட்டைப் பன்னிரண்டு மணியக்காரரின் வட்டாரங்களாக்கி, மாதத்திற்கு ஒருவராக அரண்மனைக்கு உணவளிக்கச் செய்திருந்தான். அவற்றுள் சில பழைய கோத்திர எல்லைகளை ஒட்டியவை, சில ஒட்டாதவை. உம்ரியின் மகன் ஆகாப், யெஸ்ரயேலில் தன் அரண்மனையை அடுத்த திராட்சத்தோட்டத்திற்கு விலை பேசினான். நாபோத்துக்கு நல்ல விலை கிடைக்கும், அல்லது அதைவிட நல்ல தோட்டம் கிடைக்கும். சந்தை நியாயப்படி பார்த்தால் ஆகாப் கேட்டதில் தவறில்லை. பிதாக்களின் சுதந்தரத்தை விற்கமுடியாது என்றான் நாபோத். லேவியராகமம் 25இன்படி நிலம் கர்த்தருடையது. குடியிருப்போர் அவரிடத்தில் பரதேசிகள். இந்த இரு நியாயங்களும் மோதிய இடத்தில் நாபோத் கல்லெறியுண்டு மாண்டான். வயல்களை இச்சித்துப் பறித்துக்கொள்வோருக்குக் கர்த்தருடைய சபையில் சீட்டுப்போட்டு அளவுநூல் போடுவார் ஒருவரும் இருக்கமாட்டார் என்று பின்னர் மீகா எச்சரித்தபோது, யோசுவா நூலின் பங்கீட்டையே அவர் மனத்திற்கொண்டிருந்தார்.

கி.மு. 732இல் அசீரியர் கீலேயாத்தையும் கலிலேயாவையும் நப்தலி நாட்டையும் கைப்பற்றினர். 722இல் சமாரியா வீழ்ந்தது. எல்லைகள் அத்துடன் அழிந்தன. பட்டியல்கள் அழியவில்லை. கி.மு. 573ஐச் சேர்ந்த தரிசனத்தில், பாபிலோனில் சிறையிருந்த எசேக்கியேல் நாட்டை மீண்டும் பங்கிடுகிறார். இம்முறை மலையும் ஓடையும் பார்த்து வளையும் எல்லைகள் இல்லை. கிழக்கிலிருந்து மேற்குவரை சமமான பட்டைகள், வடக்கே தாண் முதல் தெற்கே காத் வரை. மறைந்துபோன ரூபனுக்கும் சிமியோனுக்கும் பங்கு உண்டு. பிரபு குடிகளின் சுதந்தரத்தைப் பறித்துக்கொள்ளலாகாது என்ற விதி உண்டு. நாபோத்தின் கதையை அறிந்தவர் எழுதிய விதி அது. அவர்கள் நடுவே தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியர் எந்தக் கோத்திரத்தில் தங்குகின்றனரோ, அந்தக் கோத்திரத்திலேயே அவர்களுக்கும் சீட்டின்படி சுதந்தரம் தரவேண்டும் என்கிறது 47:22-23. செகேமையும் காலேபையும் பற்றி முன்னே கூறியது வழக்கத்தால் நடந்தது. இங்கே அது கட்டளையாகிறது. கோத்திர எல்லைகளை இக்கால அரசுகளின் எல்லைக்கு உரிமைப் பத்திரமாக நீட்டுவோர் நம் சபைகளிலும் உண்டு. அவர்கள் யோசுவாவின் வண்ணப் படத்தை மட்டும் காட்டுகிறார்கள். இவ்விரு வசனங்களைக் காட்டுவதில்லை.

அவ்வாறு சமமாக நாடு பங்கிடப்படவில்லை. சிறையிருப்பிலிருந்து திரும்பியோர் எருசலேமைச் சூழ்ந்த ஒரு சிறிய மாகாணத்திலேயே குடியேறினர். வடகோத்திரங்களின் பெயர்கள் நிலத்தைவிட்டு நீங்கி மனிதரிடம் மட்டும் தங்கின. ஆசேரின் கடற்கரை அசீரியர் கைக்குப் போய் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலான பின்னர், எருசலேம் தேவாலயத்தில் இரவும் பகலும் ஆராதனை செய்துகொண்டிருந்த ஒரு முதிர்ந்த விதவையை லூக்கா நமக்கு அறிமுகப்படுத்துகிறார். அன்னாள் என்று பெயர் சொல்லி, பானுவேலின் குமாரத்தி என்று தகப்பனின் பெயரையும் சொல்லி, அவள் ஆசேருடைய கோத்திரத்தாள் என்றும் குறித்துவைக்கிறார்.